முதல் போன வழி

ஜேர்மானியர் பிறவியிலேயே உழைப்பாளிகள், ஆங்கிலத் தொழிலாளியோ சோம்பலையும் வேலைநிறுத்தத்தையுமே அறிந்தவன், இரண்டாம் உலகப் போரிலே தோற்ற நாடு எழுந்ததும் வென்ற நாடு தளர்ந்ததும் இதனாலேயே என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பத்திரிகைத் தலையங்கங்களிலே அதனைக் காண்கிறோம். வகுப்பறையிலே பாடத்தின் இடையில் நம்மிற் பலர் யோசியாமல் அதனைச் சொல்லியும் விடுகிறோம். மாணவரும் தலையசைத்துக் கேட்டுக்கொள்வர். சோம்பேறி என்ற பட்டம் யாருக்குச் சூட்டப்படும் என்பதை அவர்கள் நமது நாட்டிலேயே கண்டு பழகியவர்கள் அல்லவா? ஆயின் இவ்விளக்கம் ஒரு கேள்வியை எழவிடாமல் மறைத்துவிடுகின்றது. அவ்விரு தொழிலாளரின் கைகளிலும் இருந்த கருவி ஒன்றுதானா? ஒருவன் தன் பாட்டன் காலத்து இயந்திரத்தின் முன்னும் மற்றவன் நேற்று வந்திறங்கிய இயந்திரத்தின் முன்னும் நிற்பார்களாயின், அவர்களுடைய குணத்தைப்பற்றி நாம் எவ்வாறு தீர்ப்பளிக்க முடியும்?

தமிழிலே முதல் என்னுஞ் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வணிகன் இடும் பொருளையும் குறிக்கும். வள்ளுவர் காலத்திலேயே இரண்டாவது பொருளும் வழக்கில் இருந்தது. அந்த முதலில் ஒரு பகுதி கூலியாகவும் மூலப்பொருளாகவும் சென்று, சில மாதங்களிற் பண்டமாகி, மீண்டும் பணமாகத் திரும்பிவிடும். மற்றொரு பகுதி கட்டடமாக, உலையாக, தறியாக, புகையிரதப் பாதையாக, பாலமாக ஓரிடத்தில் நின்றுவிடும். பல்லாண்டுகள் உழைத்துத் தேய்ந்து, சிறிது சிறிதாகவே திரும்பும். இதனையே பொருளியலார் நிலையான மூலதனம் என்பர். ஒரு நாடு ஓராண்டில் ஆக்கிய செல்வத்தில் எவ்வளவை இவ்வாறு நிலைநிறுத்துகிறது என்பதைக் கொண்டு அந்நாடு தன் நாளையை எவ்வாறு எண்ணுகிறது என்பதை ஓரளவு அறியலாம். ஓரளவு என்றே சொல்கிறோம். குடியிருக்கும் வீடும் இக்கணக்கில் அடங்கும், உருக்காலையும் அடங்கும், இரண்டும் ஒன்றல்ல. ஒரே விலைக்கு வாங்கிய இரு இயந்திரங்கள் ஒரே பயனைத் தருவதுமில்லை.

இத்தனை எச்சரிக்கையோடு நோக்கினாலும் வேறுபாடு மறையவில்லை. 1950களின் தொடக்கத்திலே பிரித்தானியா தன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 15 வீதத்தை அண்டிய பங்கையே நிலையான மூலதனமாக்கிற்று. மேற்கு ஜேர்மனி அப்போதே 20 வீதத்தை நெருங்கியிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் 25 வீதத்தையும் தாண்டிற்று. அவ்வேளையில் பிரித்தானியா 18 வீதத்தை அண்டியே நின்றது. ஓராண்டிற்கு இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். இருபது ஆண்டுகள் தொடர்ந்தால் அது இரு வேறு நாடுகளை உருவாக்கிவிடும்.

எனினும் கதை 1950இல் தொடங்கவில்லை. அதன் வேரைக் காண்பதற்கு இலண்டன் நகரின் பொலிஸ் நீதிமன்றம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த இளைஞர் ஒருவரிடம் செல்லவேண்டும். சிட்னி கில்கிறிஸ்ற் தோமஸ் என்பது அவர் பெயர். 1850இல் பிறந்தவர், தந்தை இறந்தமையாற் படிப்பை நிறுத்திச் சில மாதங்கள் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் (இதனைப் படித்தபோது நமக்கு அவர்மீது ஒரு தனி உரிமை பிறந்துவிட்டது). பகலில் வழக்குப் பதிவுகள்; இரவில் பேர்க்பெக் கல்வி நிலையத்தில் இரசாயன வகுப்பு. அக்காலத்து உருக்குத் தொழிலின் பெரிய சிக்கலை அங்கேதான் அவர் கேட்டறிந்தார். பொசுபரசு கலந்த இரும்புக் கனிமத்திலிருந்து நல்ல உருக்கைப் பெற இயலவில்லை. ஐரோப்பாவின் கனிமங்களிலோ பெரும்பகுதி பொசுபரசு கலந்தவை. வேல்ஸ் நாட்டின் பிளேனாவன் இரும்பாலையில் இரசாயனவியலாளராக இருந்த தம் உறவினர் பேர்சி கில்கிறிஸ்ற்றின் துணையோடு தோமஸ் பரிசோதனை செய்தார். உலையின் உட்சுவரைச் சுண்ணம் சார்ந்த கல்லால் அமைத்துச் சுண்ணத்தையும் சேர்த்தால் பொசுபரசு பிரிந்து கசடாகிவிடும் என்று கண்டார். 1878இல் இரும்பு உருக்குத் தொழிலாளிபதிகளின் சங்கத்திலே அவர் இதனைச் சொன்னபோது கேட்டவர் சிலரே. 1879 ஏப்ரிலில் மிடில்ஸ்பரோ நகரில் வெற்றியுடன் செய்து காட்டியபின் ஐரோப்பா முழுவதும் ஆலைக்காரர் அவரைத் தேடி ஓடிவந்தனர். அதே ஆண்டிலேயே ஜேர்மனியின் இரு ஆலைகள் அம்முறையில் உருக்கு வார்த்தன.

1871இற் பிரான்சிடமிருந்து பறித்த லொறெயின் பகுதியிலே பொசுபரசு கலந்த கனிமம் மலைமலையாகக் கிடந்தது. அதுவரை அதிகம் பயன்படாத அக்கனிமத்தை ஓர் ஆங்கில எழுதுவினைஞரின் கண்டுபிடிப்பு செல்வமாக்கிற்று. ஜேர்மன் ஆலைகள் புதிய உலைகளை எழுப்பின. பழையவற்றைத் தயங்காமல் இடித்தன. கசடுகூட வீணாகவில்லை. அதனை அரைத்து வயலுக்கு உரமாக்கி, தோமஸ் மா என்று விற்றனர். இங்கிலாந்திலும் அத்தகைய கனிமம் உண்டு: கிளீவ்லாந்தில் உண்டு, லிங்கன்சயரில் உண்டு, நோதாம்ப்ரன்சயரில் உண்டு. ஆயின் ஆங்கில ஆலைகளுட் பல ஏற்கனவே கட்டிய உலைகளுக்கு ஏற்ற கனிமத்தை ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருவித்துப் பழைய வழியிலேயே உருக்கின. லிங்கன்சயரின் ஸ்கந்தோர்ப்பில் 1890இல் உள்ளூர்க் கனிமத்திலிருந்து உருக்கு வார்க்கத் தொடங்கியது விதிவிலக்குப் போன்றது. நோதாம்ப்ரன்சயரின் கோர்பியிலே தோமஸ் முறைப்படி பெரிய ஆலை எழுந்ததோ 1930களில். கண்டுபிடித்தவர் 1885இல் முப்பத்து நான்கு வயதிலேயே இறந்துவிட்டார்.

இரும்புக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880இல் பிரித்தானியா வார்த்த உருக்கு 13 இலட்சம் தொன். ஜேர்மனி வார்த்தது அதன் பாதியளவு. 1893இல் ஜேர்மனி முந்திற்று. 1913இல் ஜேர்மனி வார்த்தது 170 இலட்சம் தொன்னுக்கு மேல். பிரித்தானியா 80 இலட்சத்தை எட்டவில்லை.

சாயத்தின் கதையும் இதுவே. செயற்கைச் சாயத்தை 1856இல் முதலிற் கண்டவர் இலண்டன் மாணவராகிய வில்லியம் பேர்கின். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. 1874இல் அவர் தம் ஆலையை விற்று ஒதுங்கிக்கொண்டார். 1860களில் தோன்றிய பயர், ஹொக்ஸ்ற், பி.ஏ.எஸ்.எப். என்னும் நிறுவனங்கள் அத்தொழிலைக் கைக்கொண்டன. அடொல்ப் வொன் பயர் என்ற பேராசிரியர் 1880இல் பரிசோதனைக்கூடத்தில் நீலத்தை ஆக்கிக் காட்டினார். அதனை ஆலையில் இலாபத்துடன் ஆக்குவதற்குப் பி.ஏ.எஸ்.எப். பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது. ஏறக்குறைய 180 இலட்சம் மார்க் செலவிட்டது. 1897இலேதான் சந்தைக்கு அனுப்பிற்று. பதினேழு ஆண்டுகள் பயன் தராத ஒரு முதலீட்டைத் தாங்கி நிற்பதற்கு எத்தகைய பங்குதாரரும் எத்தகைய வங்கியும் வேண்டும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பீகாரிலே அவுரி பயிரிட்ட உழவர் அந்த ஆலையைக் கண்டதில்லை. ஆயின் அதன் விளைவைத் தம் வயிற்றிலே உணர்ந்தனர். 1914இல் போர் மூண்டபோது பிரித்தானியா தன் படைவீரரின் காக்கி உடைக்குச் சாயமின்றித் தடுமாறிற்று. உலகின் செயற்கைச் சாயத்திற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பகைநாட்டிலே உற்பத்தியானது.

அப்படியாயின் ஆங்கிலேயரிடம் பணம் இல்லையா? கதையின் மையம் இதுவே. அக்காலத்திலே உலகில் மிகுதியான பணம் அவர்களிடமே இருந்தது. 1914இல் வெளிநாடுகளிற் பிரித்தானியர் இட்டிருந்த முதல் ஏறக்குறைய 400 கோடிப் பவுண். ஜேர்மனியர் இட்டிருந்தது அதன் மூன்றிலொரு பங்களவே. போருக்கு முந்திய சில ஆண்டுகளிலே பிரித்தானியா தன் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 8 அல்லது 9 வீதத்தை ஆண்டுதோறும் கடல்கடந்து அனுப்பிற்று. தன் மண்ணிற் கட்டடத்திற்கும் இயந்திரத்திற்கும் இட்டதைவிட அது மிகுதி. ஜேர்மனியோ தன் வருமானத்தில் நூற்றுக்கு 15 வீதத்தை அண்டிய பங்கை உள்நாட்டிலேயே இட்டது. இலண்டனின் நிதிச்சந்தை ஆர்ஜென்ரீனாவின் புகையிரதப் பாதையை அறிந்திருந்தது. கனடாவின் கடன்பத்திரத்தை அறிந்திருந்தது. மிடில்ஸ்பரோவின் உலையை அறிந்திருக்கவில்லை. பேர்லினில் 1870இல் தோன்றிய டொய்ச் வங்கி போன்றவை ஆலைகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுத்தன. ஆலைகளின் மேற்பார்வைச் சபைகளில் வங்கியாளர் அமர்ந்தனர். இவ்வுறவின் மறுபக்கத்தை றூடொல்ப் ஹில்பர்டிங் 1910இல் தம் நூலில் ஆராய்ந்தார். வங்கியும் ஆலையும் ஒன்றாகித் திரண்ட அந்த வலிமை தொழிலாளிக்கு நன்மை செய்யப் பிறந்ததன்று; போர்க்கப்பலுக்கும் அது கவசம் வார்த்தது. இங்கிலாந்திலே ஹொப்சன் 1902இல் வேறொரு கேள்வியை எழுப்பினார். உள்நாட்டு மக்களின் கையில் வாங்கும் வலிமை இல்லாதபோது செல்வரின் மிச்சம் வெளிநாட்டையே நாடும் என்றார் அவர். இலங்காசயர்த் தொழிலாளியின் கூலி உயர்ந்திருந்தால் அந்த 400 கோடியில் ஒரு பகுதி அங்கேயே தங்கியிருக்கும் என்பது அதன் உட்பொருள்.

அந்த 400 கோடியில் ஒரு துளி நமது மலைநாட்டிலும் விழுந்தது. 1869இற் கோப்பிச் செடியை நோய் தாக்கியபின் தேயிலை பரவிற்று. தோட்டங்கள் இலண்டனிற் பதிவான கம்பனிகளின் கையில் திரண்டன. தேயிலை ஆலைகளிலே கொழுந்தை உலர்த்திய இயந்திரங்களுட் பல பெல்பாஸ்ற் நகரில் செய்யப்பட்ட சிறொக்கோ என்ற பெயருடையவை. அவை நிலையான மூலதனம். கணக்கேட்டில் மதிப்பும் தேய்மானமும் எழுதப்பட்டன. கொழுந்து பறித்தவர்களுக்கு வழங்கப்பட்டதோ பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட லயத்து அறை. அதுவும் கட்டடந்தான். ஆயினும் உலர்த்தும் இயந்திரத்திற்குப் பதில் புதியது வந்ததுபோல் லயத்திற்குப் பதில் புதியது வரவில்லை. 1975இலே தோட்டங்கள் தேசியமயமானபோது அரசாங்கம் ஏற்றுக்கொண்டவற்றுள் அந்த லயங்களும் இருந்தன. ஆங்கிலத் தொழிலாளி இழந்த முதலை நமது தொழிலாளி பெற்றுவிட்டான் என்று யாரேனும் கருதினால், அவர்களை ஒருமுறை மலைநாட்டிற்கு அழைத்துச் செல்லலாம்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தை விரைந்து கடப்போம். 1925இல் பிரித்தானியா பழைய மதிப்பிலேயே பொன் நியமத்திற்குத் திரும்பிற்று. பவுணின் மானம் காக்கப்பட்டது, நிலக்கரிச் சுரங்கமும் நெசவாலையும் அதற்கு விலை கொடுத்தன. ஜேர்மனி அமெரிக்கக் கடனில் ஆலைகளைப் புதுப்பித்தது. 1929க்குப் பின் கடன் திரும்ப அழைக்கப்படவே வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியிலிருந்து நாசிகள் எழுந்தனர். 1936இன் நான்காண்டுத் திட்டம் முதலாகப் போருக்கென உருக்காலைகளும் செயற்கை எண்ணெய் ஆலைகளும் இயந்திரச் சாலைகளும் பெருந்தொகையாக எழுப்பப்பட்டன. 1944இலே அவற்றிலும் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்ய இழுத்துவரப்பட்ட அந்நியர் எழுபது இலட்சத்திற்கு மேற்பட்டோர்.

இங்கே ஒரு பெரிய புனைவை எதிர்கொள்கிறோம். 1945இல் ஜேர்மனி சாம்பலாயிற்று, அந்தச் சாம்பலிலிருந்து வெறுங்கையால் எழுந்தது என்பது அப்புனைவு. நகரங்கள் சாம்பலானது உண்மை. மக்கள் பட்டினி கிடந்ததும் உண்மை. ஆயின் இயந்திரங்களுட் பெரும்பாலானவை குண்டுவீச்சிற்குத் தப்பின. பாலங்களும் பாதைகளும் உடைந்தமையாலேயே ஆலைகள் ஊமையாகி நின்றன. மேற்குப் பகுதியின் கைத்தொழில் நிலையான மூலதனம், இழப்புகளையும் பின்னர் கழற்றிச் செல்லப்பட்டவற்றையும் கழித்தபின்னும், 1936இல் இருந்ததைவிடக் குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது என்பதைப் பொருளாதார வரலாற்றாசிரியர் வெர்னர் ஆபெல்ஸ்ஹவுசர் எடுத்துக்காட்டியுள்ளார். அடிமைகளாக வந்தவர்களின் உழைப்பும் அதனுள் அடங்கியிருந்தது. அற்புதம் என்று போற்றப்பட்டதன் அடித்தளத்திலே அவர்களுடைய எலும்புகளும் கிடக்கின்றன.

வொல்ப்ஸ்பேர்க் நகரின் வொல்க்ஸ்வாகன் ஆலை இதற்கு நல்ல சான்று. 1938இலே, நாசிகள் கலைத்த தொழிற்சங்கங்களிடம் பறித்த சொத்தையும் கொண்டு எழுப்பிய ஆலை அது. போர் முடிந்தபோது பிரித்தானியப் படையின் ஆளுகையில் இருந்தது. ஐவன் ஹேர்ஸ்ற் என்ற பிரித்தானிய மேஜர் அதனைத் துப்புரவாக்கி, படைக்கென 20,000 கார்களுக்குக் கட்டளை பெற்று, மீண்டும் இயக்கினார். ஆங்கிலக் கார் முதலாளிகள் அதனைப் பார்வையிட்டு, இந்தக் கார் விற்பனைக்கு உதவாது என்று கைவிட்டுச் சென்றனர். 1955 ஆகஸ்டில் அந்த ஆலையிலிருந்து பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே மேற்கு ஜேர்மனி மோட்டார் வாகன உற்பத்தியில் பிரித்தானியாவை முந்திற்று.

அமெரிக்கா கொடுத்த மார்ஷல் உதவியே ஜேர்மனியை எழுப்பிற்று என்பாரும் உளர். 1948 முதல் 1952 வரை அவ்வுதவியில் மிகப் பெரிய பங்கைப் பெற்றது பிரித்தானியா. ஏறக்குறைய 320 கோடி டொலர். மேற்கு ஜேர்மனி பெற்றது 140 கோடி அளவே. வேறுபாடு தொகையில் இல்லை, அது சென்ற வழியில் இருந்தது. உதவிப் பண்டங்களை உள்நாட்டில் விற்றுத் திரண்ட பணத்திற் பெரும்பகுதியைப் பிரித்தானிய அரசாங்கம் பழைய கடனை அடைக்கச் செலவிட்டது. ஜேர்மனியில் 1948இல் மீள்நிர்மாணக் கடன் வங்கி ஒன்றை அமைத்து, அப்பணத்தைச் சுரங்கத்திற்கும் மின்நிலையத்திற்கும் புகையிரதத்திற்கும் நீண்டகாலக் கடனாக விட்டனர். திரும்பி வந்ததை மீண்டும் கடனாக்கினர். லுட்விக் ஏர்ஹாட்டின் சுதந்திரச் சந்தை என்று புகழப்பட்ட அதே நாட்டிலே, 1952இல் ஒரு சட்டத்தின் வாயிலாக நுகர்பொருட் தொழில்களிடம் 100 கோடி மார்க் திரட்டி நிலக்கரிக்கும் உருக்கிற்கும் மின்சாரத்திற்கும் கொடுத்தனர். முதலாளிகள் இலாபத்தைப் பங்குதாரருக்குப் பகிராமல் ஆலையிலேயே இட்டால் வரியிற் சலுகை கிடைத்தது. சந்தை தானாக வழிகாட்டவில்லை, வழி காட்டப்பட்டது.

பிரித்தானியா அவ்வேளையில் என்ன செய்தது? தொழிற்கட்சி அரசாங்கம் சுரங்கத்தையும் புகையிரதத்தையும் மக்கள் சொத்தாக்கிற்று. இலவச வைத்தியத்தை அளித்தது. அதனால்தான் ஆலைகளுக்குப் பணமில்லாமற் போயிற்று என்று கூறுவோர் உளர். ஜேர்மனியும் நலன்புரிச் செலவிற் குறைந்திருக்கவில்லை என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். உண்மையிற் சுமை வேறிடத்திலே இருந்தது. கொரியப் போரையொட்டி 1951 ஜனவரியில் மூன்றாண்டுகளுக்கு 470 கோடிப் பவுண் படைக்கலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தமையைக் கண்டித்து அனியூரின் பெவன் அவ்வாண்டு ஏப்ரிலில் பதவி துறந்தார். படைக்கலத் திட்டத்திற்கு வேண்டிய இயந்திரங்களும் மூலப்பொருளும் நாட்டில் இல்லை என்பதும் அவர் எடுத்துரைத்த வாதமாகும். பொறியியல் ஆலைகள் ஏற்றுமதிக்கு ஆக்கிய இயந்திரங்களை விட்டுப் பீரங்கி வண்டிக்குத் திரும்பின. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் படையே வைத்திருக்கத் தடுக்கப்பட்டிருந்த ஜேர்மானியர். 1955 வரை அவர்களுக்குச் சொந்தப் படை இல்லை.

அடுத்த சுமை பவுண். அது ஒரு நாட்டின் நாணயம் மட்டுமன்று. பேரரசின் மிச்சமாகிய ஸ்ரேர்லிங் பிரதேசம் முழுவதற்கும் நாணயம். 1948இற் சுதந்திரம் பெற்ற பின்னும் இலங்கை அதனுள் இருந்தது; 1949 செப்டெம்பரிற் பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராக இறக்கப்பட்டபோது நமது ரூபாவும் உடன் இறங்கிற்று. பின்னர் அந்த 2.80ஐக் காப்பதே இலண்டனின் விரதமாயிற்று. பவுண் தளரும்போதெல்லாம் வட்டி உயர்த்தப்பட்டது. 1957 செப்டெம்பரிலே 5 வீதத்திலிருந்து ஒரே நாளில் 7 வீதமாயிற்று. புதிய ஆலைகளுக்கு 1954இல் அளித்த வரிச்சலுகையை 1956இல் நிறுத்தினர். 1959இல் மீண்டும் அளித்தனர். நிறுத்தம், ஓட்டம், மீண்டும் நிறுத்தம். இருபது ஆண்டுக்குப் பயன்படும் உலையை எழுப்ப நினைப்பவன் அடுத்த வருடத்து வட்டியையே அறியாத நிலையில் என்ன செய்வான்? பழைய உலைக்கு ஒட்டுப்போட்டுக் காலம் கழிப்பான். உருக்குத் தொழிலோ 1951இல் தேசியமயமாகி, 1953இல் தனியாருக்கு விற்கப்பட்டு, 1967இல் மீண்டும் தேசியமயமாகி, 1988இல் மீண்டும் விற்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டுக் காத்த பவுண் 1967 நவம்பரில் 2.40 டொலராக இறங்கியே தீர்ந்தது. நமது ரூபாவும் உடன் இறங்கிற்று.

இனித் தொழிலாளியிடம் வருவோம். ஜேர்மன் தொழிலாளி பணிந்து உழைத்தான் என்பது புனைவின் கடைசிப் பகுதி. 1950இல் அந்நாட்டிற் பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு மேற்கு ஜேர்மனியிற் சேர்ந்த அகதிகள் ஏறக்குறைய எண்பது இலட்சம். 1961இற் பேர்லினிற் சுவர் எழும்வரை மேலும் முப்பது இலட்சம் பேர் வந்தனர். உழவிலிருந்து ஆலைக்கு வரக் காத்திருந்தவர் வேறு. வேலைக்கு ஆள் மலிந்திருக்கையில் கூலி உற்பத்தியோடு சேர்ந்து உயராது. அந்த இடைவெளியே இலாபமாகி, இலாபமே இயந்திரமாயிற்று. நிக்கலஸ் கால்டோர் 1966இற் கேம்பிறிட்ஜிலே ஆற்றிய உரையில், பிரித்தானியாவில் இவ்வாறு உழவிலிருந்து பெயர்த்தெடுக்க ஆள் எஞ்சியிருக்கவில்லை என்பதையே அதன் மெதுவான வளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டினார். முதலீடு வளர்ச்சியைத் தருகிறதா, வளர்ச்சி முதலீட்டை அழைக்கிறதா என்ற வினா அங்கே எழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதே நம் கருத்து. ஆயினும் பணிவு என்பது எங்கே? 1951இல் நிலக்கரி, உருக்குக் கம்பனிகளின் மேற்பார்வைச் சபைகளிலே தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சம இடம் கிடைத்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று தொழிற்சங்கங்கள் எச்சரித்த பின்னரே அது கிடைத்தது. 1956 ஒக்டோபர் முதல் 1957 பெப்ரவரி வரை ஸ்லெஸ்விக் ஹொல்ஸ்ரைனின் உலோகத் தொழிலாளர், கப்பல்கட்டும் துறைகளை மூடிப் பதினாறு வாரங்கள் போராடினர். நோயுற்ற காலத்துக்கும் கூலி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அலுவலக ஊழியருக்கு அது முன்பே இருந்தது. பதினாறு வாரம் பட்டினியைத் தாங்கியவர்களைப் பணிவின் உருவம் என்று எழுதுவது எவ்வாறு?

1955 முதல் இத்தாலியிலிருந்தும் பின்னர் ஸ்பெயின், கிரேக்கம், துருக்கியிலிருந்தும் ஆள் வருவிக்கப்பட்டனர். பத்து இலட்சமாவது விருந்தாளித் தொழிலாளியாகப் போர்த்துக்கல்லிலிருந்து வந்திறங்கிய தச்சருக்கு 1964 செப்டெம்பரில் கொலோன் புகையிரத நிலையத்தில் மாலைமரியாதையோடு ஒரு சிறு மோட்டார்ச் சைக்கிள் பரிசளிக்கப்பட்டது. அவரது படம் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது. 1973இல் நெருக்கடி வந்ததும் ஆள் வருவிப்பது ஒரே கட்டளையில் நிறுத்தப்பட்டது.

அதன்பின் நடந்தது நமது விளக்கத்திற்கு ஒரு பரீட்சை போன்றது. பிரித்தானியா பழைய வழிக்கே மீண்டது. வட கடலில் எண்ணெய் பொங்கிய வேளையில், 1979 ஒக்டோபரில், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் அனைத்தும் நீக்கப்பட்டன; பணம் மீண்டும் கடல்கடந்தது; வடக்கு இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் ஆலைகள் மூடப்பட்டன. கோர்பியின் உலைகள் 1980இல் அணைந்தன. இது எதிர்பார்க்கக்கூடியதே. எதிர்பாராதது ஜேர்மனியில் நடந்தது. 1990இல் இரு பகுதிகளும் ஒன்றானபோது கிழக்கிற் கட்டடங்களும் பாதைகளும் எழுந்தமையால் முதலீடு சிலகாலம் உயர்ந்தது. பின்னர் அது சரிந்து, 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் 20 வீதத்தை அண்டி நின்றது. கூலி மீண்டும் அடக்கப்பட்டது; ஏற்றுமதி பெருகிற்று; ஆயின் இம்முறை இலாபம் இயந்திரமாகவில்லை. 2015இலே ஜேர்மனியின் நடைமுறைக் கணக்கு மிகை அதன் உற்பத்தியில் நூற்றுக்கு 8 வீதத்தை எட்டிற்று. 1913இன் பிரித்தானியாவை நினைவூட்டும் எண் இது. அப்பணம் உலகெங்கும் பாய்ந்தது. அமெரிக்காவின் வீட்டுக்கடன் பத்திரங்களிலும் பாய்ந்து மாய்ந்தது. 1948இற் சுரங்கத்திற்கும் மின்நிலையத்திற்கும் கடன் கொடுத்த அதே மீள்நிர்மாண வங்கி, 2008 செப்டெம்பர் 15இல், அமெரிக்காவின் லேமன் பிறதேர்ஸ் வங்குரோத்தான அதே நாளில், அதற்கு ஏறக்குறைய 30 கோடி யூரோவை அனுப்பி வைத்தது! அடுத்த ஆண்டிலே அரசாங்கம் கடன் வாங்குவதைத் தடுக்கும் விதியொன்றை அரசியலமைப்பிலேயே எழுதினர். உள்ளூராட்சி மன்றங்களின் பாடசாலைகளும் பாலங்களும் புதுப்பிக்கப்பட்டதைவிட விரைவாகத் தேய்ந்தன.

லூடென்ஷைட் நகரையொட்டி, பள்ளத்தாக்கொன்றின் மேல் 1960களின் நடுவிலே ஒரு நெடும்பாலம் கட்டினர். அற்புதம் என்று சொல்லப்பட்ட ஆண்டுகளின் நிலையான மூலதனத்திற்கு அதனினும் சிறந்த சின்னம் இல்லை. 2021 டிசெம்பரில் அது பாரம் தாங்காது என்று மூடப்பட்டது. 2023 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பார ஊர்திகள் அச்சிறு நகரின் தெருக்களில் இரவும் பகலும் ஊர்ந்தன. 2024 செப்டெம்பரிலே டிறெஸ்டன் நகரில் எல்பே நதிமீதிருந்த பாலத்தின் ஒரு பகுதி தானாகவே வீழ்ந்தது. ஜேர்மானியரின் பிறவிக் குணம் எங்கே போயிற்று? முப்பது ஆண்டுகளில் ஓர் இனத்தின் இரத்தம் மாறிவிடுமா? இரத்தம் மாறவில்லை, மிச்சத்தை எங்கே இடுவது என்று தீர்மானித்தவர்கள் வேறு வழியைத் தெரிந்தெடுத்தார்கள்.

2025 மார்ச்சில் ஜேர்மன் நாடாளுமன்றம் தானே எழுதிய விதியைத் தளர்த்தி, பாலங்களுக்கும் புகையிரதத்திற்கும் பாடசாலைகளுக்குமாக 50,000 கோடி யூரோ நிதியொன்றை அனுமதித்தது. படைக்கலச் செலவிற்கும் அதே வாக்கெடுப்பில் வாயில் திறக்கப்பட்டது. மூன்று வாரங்கள் கழித்து, ஏப்ரில் 12ஆந் திகதி சனிக்கிழமை, விடுமுறையிலிருந்த பிரித்தானிய நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. சீன நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்த ஸ்கந்தோர்ப் உருக்காலையின் இரு ஊதுலைகளும் அணைந்துவிடாதபடி அதனை இயக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு வழங்கும் சட்டம் அன்றே நிறைவேறிற்று. 1890இல் உள்ளூர்க் கனிமத்திலிருந்து உருக்கு வார்த்த அதே ஊர் அது. அக்கனிமத்தைத் தோண்டுவது எப்போதோ நின்றுவிட்டது. சட்டம் நிறைவேறிய வாரத்திலே, உலைகளுக்கு வேண்டிய கரியும் கனிமமும் இம்மிங்ஹாம் துறைமுகத்திற் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, புகையிரதத்தில் ஆலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன.